உறைபனிக் காலையில் அத்தையை அழைத்து வந்தது

அரையாண்டு லீவு விட்டதிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் என் போனைப் பிடுங்கிப் பிடுங்கி அந்த வீடியோவையே காட்டுகிறீர்கள். கொடைக்கானலுக்கு மேலே புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளையாகக் கிடக்கிறது. ஒரு கூட்டம் அதைக் கையால் வழித்து ஒருவர் முகத்தில் ஒருவர் பூசிச் சிரிக்கிறது. "நாமளும் போவோம்ப்பா, அத்தை வீடு அங்கதான இருக்கு" என்கிறீர்கள். கூட்டிப் போகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வாயால் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் உங்கள் அம்மா குறுக்கே வந்து அதை அவள் கதையாக மாற்றிவிடுவாள். அதனால்தான் நோட்டில் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

பனி என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ரெட்டியார்சத்திரம் பக்கம் விடியக்காலை வண்டியில் பூ ஏற்றப் போகும்போது தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிற பனிதான். அது செடியை நனைக்கும், வண்டிக் கண்ணாடியை மறைக்கும், தை மாதத்தில் மல்லிகை மொட்டைக் குறைத்துவிடும். அது ஒரு ஆளைக் கீழே தள்ளும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சொன்னவர்கள் பேச்சையும் நான் கேட்கவில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

அப்போது உங்கள் அத்தைக்கு ஒன்பதாம் மாதம். அதற்கு முன்பு ஒரு தடவை கரு தங்காமல் போயிருந்தது. அதனால் இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டுமே என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் பயம். மேலே அத்தை ஊருக்கு வந்து பார்த்த நர்சம்மா, "எல்லாம் சரியா இருக்கு. விழுந்துராமக் கூட்டிட்டுப் போங்க, அது ஒண்ணுதான்" என்று என்னிடம் போனில் சொல்லியிருந்தார். நம் வழக்கப்படி வளையல் போட்டு, நல்ல நேரம் பார்த்து, பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். அண்ணன் என்ற முறையில் அது என் பொறுப்பு.

உங்களை நத்தத்தில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் நானும் உங்கள் அம்மாவும் போய்ச் சேர்ந்தோம். கொடைக்கானல் தாண்டி இன்னும் ஒரு மணி நேரம் ஜீப். ரோட்டிலிருந்து அத்தை வீட்டுக்கு இருபது நிமிடம் கீழே இறங்க வேண்டும். காய்ந்த மண்ணும் அங்கங்கே கல் படியுமாக ஒற்றையடிப் பாதை. பாதித் தூரத்தில் அது அடர்ந்த சோலைக் காட்டுக்குள் புகுந்து வெளியே வரும். சோலைக்குள் ஒரு பாறைமேல் ஊற்றுத் தண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் ரப்பர் செருப்போடு, சீர்ச் சாமான் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, உங்கள் அம்மாவிடம் பேசிக்கொண்டே இறங்கிவிட்டேன். இதுவா பாதை, இதற்கா மலைக்காரர்கள் இம்புட்டுப் பேசுகிறார்கள் என்றுகூட நினைத்தேன். மத்தியானத்தில் பார்த்த பாதையை வைத்துக் காலைப் பாதையும் எனக்குத் தெரியும் என்று முடிவு கட்டியது என் முதல் தப்பு.

அன்று வானம் மூடிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை குளிர் இருந்தது, வேறொன்றும் இல்லை. உங்கள் அம்மா எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். யாரும் வழுக்கவில்லை. மேகம் போர்வை மாதிரி மூடியிருந்தால் உறைபனி விழாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஞாயிறு மத்தியானம் வளைகாப்பு நடந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அத்தையின் இரண்டு கையிலும் கண்ணாடி வளையலை அடுக்கினார்கள். புளிசோறு, எலுமிச்சம்பழச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் உண்டு. சாப்பிட வந்தவர்களில் ஜீப்காரத் தம்பியும் ஒருவர். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்குத் திங்கக்கிழமை. ராகு காலம் ஏழரைக்கு. அதுக்கு முன்னாடி கெளம்பணும். ஏழு மணிக்கு ரோட்டுல ஜீப் நிக்கணும் தம்பி."

"ஒன்பதரைக்கு மேல வாரேண்ணே."

"நான் ஏழுன்னு சொல்றேன், நீங்க ஒன்பதரைங்கிறீங்க."

"ஏழு மணிக்கு ஜீப்பு நிக்கும்ணே. நீங்க நிக்க மாட்டீங்க" என்றார் அவர், இலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது. காலையில் எழச் சோம்பல்பட்டுப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டேன். ஏழு மணி என்று மறுபடியும் கண்டிப்பாகச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு மோருக்குக் கை நீட்டினார்.

உங்கள் மாமா, அத்தை வீட்டுக்காரர், அதிகம் பேசாதவர். பாத்திரம் கழுவும் இடத்தில் வந்து என் பக்கத்தில் நின்று, "மச்சான், வெயில் ஏறட்டுமே" என்றார்.

"மாப்ள, நேரம்னு ஒண்ணு இருக்குல்ல."

அவர் கழுவிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பெண்ணை அழைத்துப்போக வந்தவர்கள் சொல்லுக்கு அன்றைக்கு மறுசொல் சொல்லக் கூடாது என்பது நம் பக்கத்து மரியாதை. அவர் அந்தப் பாதையில் பிறந்து நடந்தவர். நான் ஒரே ஒரு மத்தியானம் பார்த்தவன். மரியாதை என் பக்கம் இருந்தது, விவரம் அவர் பக்கம் இருந்தது.

பொழுது சாயும்போது பக்கத்து வீட்டு அக்கா விறகு எடுக்க வெளியே வந்தார். அவருக்கு உங்கள் அம்மாவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். அண்ணாந்து பார்த்தார். மேகம் ஒன்றுகூட இல்லை, காற்றும் இல்லை. "தொடச்சு வச்ச மாதிரி இருக்கு. காலையில நல்லாக் கொட்டும்" என்றார். மழையைச் சொல்கிறார் என்று நினைத்து, மேகமே இல்லாமல் எங்கிருந்து கொட்டும் என்று நான் உள்ளுக்குள் கேலி செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை உங்கள் அம்மாதான் முதலில் எழுந்தாள். போகிற நாள் என்பதால் வாசலை நன்றாகத் தெளிக்க வேண்டும் என்று அவளுக்கு. ட்ரம்மில் தண்ணீர்மேல் ஏடு மாதிரி ஏதோ பிடித்திருந்ததாம். செம்பால் தட்டியதும் உடைந்ததாம். இருட்டில் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊர்ப் புழுதி வாசலுக்குத் தெளிக்கிற மாதிரி இரண்டு வாளித் தண்ணீரை சிமென்ட் களத்திலும் அதிலிருந்து இறங்கும் ஐந்து கல் படியிலும் தாராளமாகத் தெளித்து, கை விறைக்க விறைக்க ஒரு பெரிய கோலம் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடிவந்தாள். "வெரலு என் வெரலு மாதிரியே இல்ல" என்று சொல்லித் தீயில் காட்டினாள்.

விடிந்து ஆறே முக்கால் இருக்கும். புல்லெல்லாம் வெள்ளை. கேரட் தோட்டம் வெள்ளை, வேலிக் கம்பி வெள்ளை. நீங்கள் வீடியோவில் பார்ப்பது அப்படியே. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் இரண்டு கையிலும் இரண்டு பை, தோளில் ஒரு பையோடு கதவருகே நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். அத்தையைத்தான் முதலில் இறங்கச் சொன்னேன். "வலது காலை வச்சு எறங்கு தாயி." அவள் ஒரு காலைத் தூக்கினாள். பிறகு, "சாமி விளக்கைக் கும்பிடல" என்று திரும்பி உள்ளே போனாள். சரி, பைகளை அதற்குள் படிக்குக் கீழே வைத்துவிடலாம் என்று நான் இறங்கினேன்.

இரண்டாவது அடி வைத்தது நினைவிருக்கிறது. அதன்பிறகு நான் மல்லாந்து கிடந்தேன். வலது இடுப்பு களத்தில் மோதியது. இரண்டு கையிலும் பை இருந்ததால் ஊன்றவும் முடியவில்லை. பிடிக்கவும் முடியவில்லை. கட்டுச்சோற்று டப்பா திறந்து புளிசோறு கோலம் முழுக்கச் சிதறியது. எழ முயன்றேன், கை வழுக்கியது. மறுபடியும் முயன்றேன், முழங்கால் வழுக்கியது. தண்ணீர் தெளித்த இடமெல்லாம் கண்ணாடியாக உறைந்திருந்தது. கோலம் அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது.

தலையைத் திருப்பிப் பார்த்தேன். அத்தை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்தவள் ஒரு காலை வெளியே நீட்டிவிட்டாள். மாமா பின்னாலிருந்து அவள் இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தியிருந்தார். அந்தக் கால் களத்துக்கு ஒரு சாண் மேலே நின்றது. மெதுவாக உள்ளே போனது.

எனக்கு இடுப்பு வலி அப்போது தெரியவே இல்லை. ஒரு நிமிடத்துக்கு முன்னால் வலது காலை வைத்து இறங்கச் சொன்னது நான்தானே என்பது மட்டும் தெரிந்தது.

"அண்ணே, எலும்பு கிலும்பு போயிருச்சா?" என்று அத்தைதான் முதலில் கேட்டாள்.

"இல்ல."

"அப்ப அப்படியே கெட. எந்திரிக்காத. சாம்பல் வருது."

மாமா அடுப்புச் சாம்பலை முறத்தில் அள்ளிவந்து, வாசலிலிருந்து தூவிக்கொண்டே என்னிடம் வந்தார். சாம்பல் விழுந்த இடத்தில் கால் நின்றது. பக்கத்து வீட்டு அக்காவும் சத்தம் கேட்டு வந்துவிட்டார். அவர் காலில் பழைய ஷூ, ஷூவுக்கு மேல் சாக்குத் துண்டைச் சுற்றிச் சணலால் கட்டியிருந்தார். வழுக்காமல் சாதாரணமாக நடந்துவந்தார். களத்தைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், புளிசோற்றைப் பார்த்தார்.

"யாரு தெளிச்சது?"

உங்கள் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "எங்க ஊர்ல தெளிக்காமப் பொறப்பட மாட்டோம்க்கா."

"அழுகாத. இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த புதுசுல நானும் இதைத்தான் செஞ்சேன். எம் மாமியா விழுந்துச்சு. ஒரு மாசம் எங்கூடப் பேசல. தை மாசம் முடியுற மட்டும் இங்க வெயில் வந்த பெறகுதான் தண்ணியவே தொடுவோம்" என்றார்.

அழுதுகொண்டிருந்தவள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். நான் சாம்பல்மேல் உட்கார்ந்தபடி கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழே கால் ஆகப்போகிறது. ராகு காலத்துக்குக் கொஞ்ச நேரந்தான் இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் என் புத்தி அங்கேதான் போனது. முதல் தடவை மூன்றாவது மாதத்தில் தங்காமல் போன கருவை நினைத்தேன். நேரம் தப்பிக் கிளம்பி ஏதாவது ஆகிவிட்டால், அதுவும் என்னால்தான் ஆகும். நேரத்துக்குக் கிளம்பினால் இந்தக் கண்ணாடி. எந்தப் பக்கம் போனாலும் பயம். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"அண்ணே, ஒன்னோட நேரத்துக்கு நான் வீட்டை விட்டு வெளிய வந்துர்றேன்" என்றாள் அத்தை. "அக்கா வீட்டு அடுப்படியில போய் உக்காந்துக்கிறேன். பொறப்பட்ட மாதிரியும் ஆச்சு. மலை ஏறுறது வெயில் வந்த பெறகு. சரியா?"

நல்ல நேரத்தில் பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பிறகு சாவகாசமாகக் கிளம்புவது நம் ஊரிலும் உண்டு. பைக்குச் செய்வதை ஆளுக்கும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. பக்கத்து வீடு ஒரே மட்டத்தில் இருபது அடி தூரம். வழி முழுக்கச் சாம்பலும் அதன்மேல் சாக்கும் போட்டோம். ஏழு இருபதுக்கு அவள் வலது காலை வைத்து இறங்கினாள். மாமா ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் பிடிக்க, அந்த இருபது அடியைக் கடந்து அக்கா வீட்டு அடுப்பு முன்னால் போய் உட்கார்ந்தாள். ஒரு டம்ளர் சுக்குக் காப்பி குடித்தாள். எனக்குப் பாதி உயிர் வந்தது.

மீதிப் பாதி ஜீப்பிடம் இருந்தது. ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தேனே, மேலே காத்து நிற்பாரே. பெரிய கல் ஒன்றின்மேல் ஏறினால்தான் அங்கே சிக்னல் கிடைக்கும். சாக்கைக் காலில் கட்டிக்கொண்டு ஏறிப் போன் செய்தேன்.

"தம்பி, கொஞ்சம் லேட்டாகும் போலருக்கு."

"நான் இன்னும் போர்வையை விட்டே வரலைண்ணே. ஒங்க மாப்ள நேத்தே பத்து மணின்னு சொல்லிட்டாரே."

திரும்பிப் பார்த்தேன். மாமா கேரட் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"வா மச்சான், பாதையைப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

ஆளுக்கு ஒரு கம்பு எடுத்துக்கொண்டு போனோம். இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். நான் வெள்ளையாக இருந்த இடத்தையெல்லாம் பார்த்துப் பயந்து, கறுப்பாகத் தெரிந்த பாறையில் காலை வைக்கப் போனேன். அவர் கம்பால் தடுத்தார். வெள்ளையாக இருப்பது புல்மேல் பூத்த பனி. மிதித்தால் நொறுங்கும், கால் நிற்கும். கறுப்பாக ஈரம் மாதிரி மினுங்குவதுதான் தண்ணீர் உறைந்த இடம். அது இருக்கிறதே தெரியாது. கம்பால் தட்டினால் மண் சத்தம் வராது, கண்ணாடிச் சத்தம் வரும். தட்டிக் காட்டினார். அதனால் தேய்ந்த கல் படியை விட்டுவிட்டு ஓரத்துப் புல்லில் நடந்தோம். வீசி நடக்கக் கூடாது, குட்டிக் குட்டி அடியாக, பாதம் முழுக்கத் தரையில் படும்படி வைக்க வேண்டும். கையைப் பாக்கெட்டில் விடக் கூடாது. இரண்டு கையிலும் பை கூடவே கூடாது என்பதை அவர் சொல்லவில்லை. என் இடுப்பைப் பார்த்தார், அவ்வளவுதான்.

சோலைக்குள் நுழைந்தோம். சனிக்கிழமை நான் பேசிக்கொண்டே தாண்டிய அந்த ஊற்றுப் பாறை முழுக்க ஐஸ். வேருக்கு வேர் கம்பி மாதிரி தொங்கியது. அதற்குக் கீழே பத்தடிப் பள்ளம்.

"வெந்நி கொண்டாந்து ஊத்துவமா?" என்றேன்.

"ஊத்தலாம். நாம திரும்பிப் போயி அவளைக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள இன்னொரு அடுக்கு பிடிச்சுக்கும்."

"வெயில் வந்தா உருகிராது?"

"இதுக்குள்ள வெயில் பன்னெண்டு மணிக்குத்தான் வரும். சில நாள் வாரதே இல்ல."

வெயிலுக்குக் காத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்போதுதான் நான் நம்ப ஆரம்பித்திருந்தேன். அதுவும் முழுசாகச் சரியில்லை. வெளியே வெயில் அடித்தாலும் நிழல் தன் பனியை விடாது. அவர் பாறையைச் செத்த நேரம் பார்த்துவிட்டு, "தோட்டத்து வழியாப் போவோம்" என்றார். தோட்டத்து வழி சுற்று. இருபது நிமிடம் ஒரு மணி நேரமாகும். ஆனால் எட்டு மணிக்கே அங்கே வெயில் விழும்.

திரும்பிவந்து மண்வெட்டியை எடுத்தோம். அடுக்கடுக்காக இருக்கும் பாத்திகளில், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏறும் இடத்தில் எல்லாம் படி வெட்டினோம். மேல் மண் உறைந்து பொரிகடலை மாதிரி நொறுநொறுவென்று இருந்தது. உருகியதும் அதுவே சேறாகி வழுக்கும் என்று சொல்லி, பூண்டுத் தாளை, அதாவது காய்ந்த தண்டை, கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து ஒவ்வொரு படியிலும் பரப்பினார். குனிந்து நிமிர எனக்கு இடுப்பு கொதித்தது. சொல்லவில்லை. வேர்த்ததும் ஸ்வெட்டரைக் கழற்றினேன். "வேர்வை குளுந்தா நடுக்கிப் போடும், தொடச்சிட்டு உடனே போடு" என்றார். போட்டேன். அன்றைக்கு அவர் சொன்னதில் நான் உடனே கேட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். ராகு காலமும் முடிந்திருந்தது. அக்கா தன் சாக்குத் துண்டுகளை அத்தையின் ஷூவில் சுற்றிக் கட்டிவிட்டார். "ரெண்டு மூட்டை பூண்டு நடந்து போற மாதிரி இருக்கு" என்று சொல்லி அத்தை சிரித்தாள். மாமா அவளுக்கு ஒரு அடி கீழே பின்னால், அம்மா மேல்பக்கம் கையைப் பிடித்தபடி, நான் முன்னால் கம்பால் தட்டிக்கொண்டே. பைகளை மாமா படி வெட்டிக்கொண்டு ஏறும்போதே ரோட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டிருந்தார்.

நாலாவது அடுக்கில் அத்தை நின்றாள். வயிற்றில் கை வைத்தாள். முகம் மாறியது.

"என்ன தாயி?"

"செத்த நேரம் உக்காரணும்."

பூண்டுத் தாளில் உட்கார வைத்தோம். உங்கள் அம்மா அவள் முதுகைத் தடவினாள். மாமா உள்ளங்கையைத் தேய்த்துவிட்டார். நான் நல்ல நேரம், கெட்ட நேரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் எங்கள் நாலு பேர் முதுகிலும் விழுந்தது. கீழே புல்லில் வெள்ளை கரைந்து பச்சை தெரிய ஆரம்பித்தது. அஞ்சு நிமிடம் இருக்கும். எனக்கு அது அரை நாள்.

"ஒதைக்குது. அம்புட்டுதான்" என்றாள் அத்தை. "பசிக்குதுன்னு நெனக்கிறேன். அந்தப் புளிசோத்துல ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

புளிசோறு இல்லை. அக்கா கட்டிக்கொடுத்த அவித்த உருளைக்கிழங்கு இருந்தது. உப்புத் தொட்டுத் தின்றாள், தண்ணீர் குடித்தாள், தானே கையை ஊன்றி எழுந்தாள். அதன்பிறகு நான் ஒருதடவைகூட வேகமாக வா என்று சொல்லவில்லை. அவள் நின்றால் நின்றோம், நடந்தால் நடந்தோம். ரோட்டில் கால் வைத்தபோது மணி பத்தே முக்கால். ஜீப் நின்றது. ஜீப்காரத் தம்பி என் நடையைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனவர் முன் கதவைத் திறந்துவிட்டார்.

இருபது நாள் கழித்துத் திண்டுக்கல்லில் பிறந்தவள்தான் லீவுக்கு வரும்போதெல்லாம் உங்கள் கலர் பென்சிலை உடைக்கிறவள். என் இடுப்பு வலி போக, அவள் பிறந்து முப்பதாம் நாள் சாமி கும்பிட்டு முடியவேண்டியிருந்தது. ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது விழுந்ததோ, பிள்ளை பிறந்ததோ இல்லை. ஜீப் கிளம்புவதற்கு முன் நடந்த ஒரு சின்ன விஷயம்.

மாமா எங்களோடு வரவில்லை. பூண்டு எடுக்கிற நேரம், அவர் தோட்டத்தில் இருக்க வேண்டும். அவர் ஜன்னலருகே நின்றார். அத்தையின் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். அத்தை அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சோலை வழியா எறங்காதீங்க. சுத்தியே போங்க. கம்பை எடுத்துக்கங்க."

பிறந்ததிலிருந்து அந்தப் பாதையில் நடக்கிற மனிதர், சரி சரி என்று தலையாட்டினார். ஜீப் நகர்ந்தது. முதல் வளைவில் திரும்பிப் பார்த்தேன். ரோட்டோரத்தில் சாய்த்து வைத்திருந்த கம்பை எடுத்துக்கொண்டு, தோட்டத்துப் பக்கமாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தார்.